வாடிய செடி சொன்ன சாட்சி

கடந்த ஓகஸ்ட் விடுமுறைக்கு வெலிமடைப் பக்கத்திலுள்ள மாமாவின் வீட்டுக்குப் போயிருந்தோம். மாமா அரை ஏக்கரில் தக்காளி போட்டிருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்த அன்று செடிகள் இடுப்பளவு வளர்ந்து, குலை குலையாகக் காய் பிடித்து நின்றன. மூன்றாம் நாள் பகலில் வரம்போரத்துச் செடிகள் ஏழெட்டு தலை தொங்கிப் போயின. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மாமா பின்னேரம் தண்ணீர் பாய்ச்சினார். இரவில் கொஞ்சம் நிமிர்ந்த செடிகள் மறுநாள் வெயில் ஏறியதும் மீண்டும் தொங்கின. அதன் பிறகு நிமிரவே இல்லை. இலை மஞ்சளாகவும் இல்லை, கருகவும் இல்லை. பச்சை நிறம் மாறாமலே வாடின. ஒரு கிழமைக்குள் அறுபது செடிகளுக்கு மேல் போய்விட்டன.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். "வாறவன் போறவனெல்லாம் பாத்துப் பாத்துச் சொன்னா கண்ணூறு படாம என்ன செய்யும்?" என்றார் உம்மம்மா. பசளை கூடிவிட்டது என்றார் மாமி. மாமாவின் மனதில் வேறொன்று இருந்தது. கீழ்த் தோட்டக்காரர் அதற்கு முந்திய கிழமைதான் தன் வரம்பில் களைநாசினி அடித்திருந்தார். இருவருக்கும் வாய்க்கால் தண்ணீர் விடயத்தில் பழைய மனக்கசப்பும் உண்டு. "வேணுமெண்டே அடிச்சிருக்கான்" என்றார் மாமா. அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது அவரைக் கண்டும் சலாம் சொல்லாமல் வந்துவிட்டார். அதை மாமாவே வீட்டில் வந்து சொன்னார். சொன்னபோது அவருடைய முகம் நன்றாக இருக்கவில்லை.

திங்கட்கிழமை விவசாயப் போதனாசிரியர் வந்தார். வாடிய செடி ஒன்றைப் பிடுங்கி, தண்டின் அடிப்பகுதியில் விரல் நீளத் துண்டொன்றை வெட்டினார். உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் கபில நிறத்தில் ஒரு வளையம் தெரிந்தது. கண்ணாடிக் கிளாஸ் ஒன்றில் தெளிந்த தண்ணீர் கேட்டார். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெட்டிய முனை தண்ணீருக்குள் இருக்கும்படி தண்டைப் பிடித்துக்கொண்டு, "ஆடாமல் பாருங்கள்" என்றார்.

ஓரிரு நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு அந்த முனையிலிருந்து மெல்லிய வெள்ளை நூல் ஒன்று கீழே இறங்கியது. சாம்பிராணிப் புகை தலைகீழாக இறங்குவது போல் இருந்தது. ஒன்று இரண்டாகி, பிறகு தண்ணீரே பால் கலந்ததுபோல் மங்கிவிட்டது.

"அவ்வளவும் பற்றீரியா. இது பற்றீரியா வாடல் நோய். களைநாசினி பட்டால் இப்படி வராது" என்றார் அவர். மாமா எதுவும் பேசவில்லை.

பாடசாலை தொடங்கியதும் இதை உயிரியல் ஆசிரியையிடம் உற்சாகமாகச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "செடிக்குள் பற்றீரியா இருந்ததைக் கண்டாய். சரி. பற்றீரியாதான் செடியைக் கொன்றது என்று எப்படிக் கண்டாய்? தீப்பிடித்த வீட்டுக்கு முன்னால் நிற்பவர்கள் எல்லாரும் தீ வைத்தவர்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "எர்வின் ஸ்மித் என்று ஒருவர் இருந்தார். அவரைத் தேடிப் படி" என்றார் ஆசிரியை. தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இருபத்தாறு வயதில் பாடசாலை முடித்தவர்

எர்வின் பிரிங்க் ஸ்மித் 1854 ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் பிறந்தார். பின்னர் குடும்பம் மிச்சிகன் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து ஒரு பண்ணையில் வாழ்ந்தது. வேலைக்கும் படிப்புக்கும் இடையில் இழுபட்டு அவர் உயர்நிலைப் பள்ளியை முடித்தபோது வயது 26. உயர்தரத்தில் ஒரு வருடம் பிந்தினாலே உலகம் முடிந்ததாக நினைக்கும் நாங்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். 1886 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, அதே ஆண்டில் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தில் சேர்ந்தார். 1927 இல் இறக்கும்வரை அங்கேதான் வேலை செய்தார்.

அந்தக் காலத்தில் தாவர நோய் என்றால் பங்கசு என்பதே பொதுவான எண்ணம். மனிதருக்கும் விலங்குக்கும் பற்றீரியாவால் நோய் வரும் என்பதைப் பாஸ்டரும் றொபர்ட் கொக்கும் நிறுவிவிட்டார்கள். தாவரத்துக்கும் வரலாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அமெரிக்காவில் தோமஸ் பரில் என்பவர் பேரி மரத்தைக் கருக்கும் நோயில் பற்றீரியாவைக் கண்டார். நெதர்லாந்தில் வாக்கர் என்பவர் 1883 இல் ஹயசிந்த் பூச்செடியின் மஞ்சள் நோயில் கண்டார். ஆனால் ஐரோப்பாவின் பெரிய தாவரவியலாளர்கள் பலர் இவற்றை நம்பவில்லை.

நம்பாதவர்களில் ஒருவர் ஜேர்மனியின் லைப்சிக் நகரைச் சேர்ந்த பேராசிரியர் அல்பிரட் பிஷர். பற்றீரியா பற்றி 1897 இல் அவர் வெளியிட்ட நூலில், தாவரங்களில் பற்றீரியா நோய் என்று ஒன்று இல்லை என்று எழுதினார். அவருடைய வாதம் முட்டாள்தனமானது அல்ல. தாவரத்தின் உடலை மேற்றோல் மூடியிருக்கிறது. உள்ளே ஒவ்வொரு கலத்தையும் செலுலோசுச் சுவர் காக்கிறது. பங்கசைப் போலத் துளைத்துக்கொண்டு போகும் இழைகள் பற்றீரியாவுக்கு இல்லை. ஆகவே உள்ளே காணப்படும் பற்றீரியா, செடி வேறு காரணத்தால் நலிந்த பிறகு அழுகலைத் தின்ன வந்தவை என்பதே அவர் கருத்து.

ஆசிரியை கேட்ட கேள்வியும் இதுதான் என்பது இதைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. மாமாவின் கண்ணாடிக் கிளாஸை பிஷரிடம் காட்டியிருந்தால், "பற்றீரியா இருக்கிறது, அதனால் என்ன?" என்றுதான் அவர் கேட்டிருப்பார்.

ஊசியும் சாட்சியும்

பிஷரின் நூல் வருவதற்கு முந்திய ஆண்டே, 1896 இல், ஸ்மித் ஒரு சிறு வெளியீட்டை எழுதியிருந்தார். தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு ஆகிய மூன்றையும் தாக்கும் ஒரு பற்றீரியா நோய் பற்றியது அது. எங்கள் மாமாவின் தோட்டத்துக்கு வந்த அதே நோய். அதன் காரணிக்கு அவர் 'பசிலசு சொலனேசியாரம்' என்று பெயரிட்டார். தக்காளியும் கத்தரியும் சேர்ந்த சொலனேசியே குடும்பத்திலிருந்து வந்த பெயர். இன்று அதை ரல்ஸ்டோனியா சொலனேசியாரம் என்கிறோம்.

குற்றத்தை நிறுவ ஸ்மித் பின்பற்றிய வழி, நாங்கள் வகுப்பில் படிக்கும் கொக்கின் எடுகோள்கள்தான். அதை நான்கு படிகளாகச் சொல்லலாம்.

முதலாவது, நோயுற்ற செடிகளில் அந்தப் பற்றீரியா தொடர்ந்து காணப்பட வேண்டும். இரண்டாவது, அதைச் செடியிலிருந்து பிரித்து, வேறெந்த நுண்ணங்கியும் கலக்காத தூய வளர்ப்பாக வளர்க்க வேண்டும். மூன்றாவது, அந்தத் தூய வளர்ப்பை நல்ல சுகமான செடிக்குள் செலுத்தினால் அதே நோய் வர வேண்டும். நான்காவது, அப்படி நோயுற்ற செடியிலிருந்து அதே பற்றீரியாவை மீண்டும் பிரித்தெடுக்க வேண்டும்.

மூன்றாவது படியில்தான் உயிர் இருக்கிறது. ஸ்மித் சுகமான செடிகளை ஊசியால் குத்தித் தூய வளர்ப்பை உள்ளே செலுத்தினார். பக்கத்திலேயே அதே மண்ணில், அதே வெயிலில், பற்றீரியா செலுத்தாத செடிகளையும் வைத்திருந்தார். ஊசி ஏறியவை வாடின. மற்றவை நின்றன. வாடியவை அதற்கு முன்பு எந்த வகையிலும் நலிந்தவை அல்ல. ஆகவே அழுகலைத் தின்னப் பிறகு வந்தவை என்று சொல்ல இடமில்லை.

"அப்படியானால் பற்றீரியா எந்த வாசலால் உள்ளே போகிறது?" என்ற கேள்விக்கும் அவரிடம் பதில் இருந்தது. கோவாவைத் தாக்கும் கறுப்பழுகல் நோயை ஆராய்ந்தபோது, இலையின் விளிம்பில் காலையில் நீர் கசிந்து நிற்கும் நுண்துளைகள் வழியாகப் பற்றீரியா உள்ளே போவதை 1897 இல் காட்டினார். செடி தானே வைத்திருக்கும் வாசல் அது. சுவரை உடைக்கத் தேவையே இல்லை.

1899 இல் ஜேர்மனியின் பற்றீரியவியல் சஞ்சிகையில் ஸ்மித் பிஷருக்குப் பதில் எழுதினார். பிஷர் மறுத்தார். 1901 இல் ஸ்மித் நுணுக்குக்காட்டிப் படங்களோடு நீண்ட பதில் ஒன்றை வெளியிட்டார். காழ்க்கலன்களுக்குள் பற்றீரியா அடைத்துக் கிடப்பதைப் படங்களில் எவரும் காணலாம். அத்தோடு அந்த வாதம் முடிந்துபோனது என்று சொல்லலாம். பின்னர் 1905, 1911, 1914 ஆகிய ஆண்டுகளில் தாவர நோய்களும் பற்றீரியாவும் பற்றி மூன்று பெரிய தொகுதிகள் எழுதினார். எர்வினியா என்ற பற்றீரியச் சாதி அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது.

குழாய்க்குள் நடப்பது

மாமாவின் செடிகள் தண்ணீருக்குள் நின்றும் தாகத்தால் செத்தது ஏன்?

இந்தப் பற்றீரியா மண்ணில் இருந்து வேருக்குள் நுழைகிறது. மண்வெட்டி பட்ட காயம், புழு கடித்த இடம், பக்கவேர் வெடித்து வெளிவரும் இடம் எதுவும் போதும். உள்ளே போனதும் காழ்க்கலன்களை அடைகிறது. வேர் உறிஞ்சும் நீரை இலைவரை கொண்டுபோகும் குழாய்கள் அவை. அங்கே பற்றீரியா வேகமாகப் பெருகி, பல்சக்கரைட்டாலான பசை போன்ற ஒரு பொருளைச் சுரக்கிறது. குழாய் அடைபடுகிறது. நிலத்தில் ஈரம் இருக்கிறது, வேரும் உறிஞ்சப் பார்க்கிறது, ஆனால் நீர் மேலே ஏறாது. பகலில் இலையிலிருந்து ஆவியுயிர்ப்பு கூடும்போது செடி தொங்குகிறது. இரவில் ஆவியுயிர்ப்பு குறைவதால் முதல் நாட்களில் சற்று நிமிர்கிறது. இலை பச்சையாக இருக்கும்போதே வாடுவது இதனால்தான். கிளாஸுக்குள் இறங்கிய வெள்ளை நூல், அந்தப் பசையும் அதில் கோடிக்கணக்கான பற்றீரியாவும்தான்.

இது தக்காளியோடு நிற்பதில்லை. மிளகாய், இஞ்சி, வாழை என்று 50க்கும் மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த 200க்கும் மேற்பட்ட தாவர இனங்களைத் தாக்குகிறது. வெளியே சுகமாகத் தெரியும் விதைக்கிழங்குக்குள்ளும் ஒளிந்திருந்து புதிய தோட்டத்துக்குப் போய்விடும். எங்கள் மலைநாட்டு உருளைக்கிழங்குச் செய்கையாளர்கள் விதைக்கிழங்கைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தெரியாது என்று சொன்னவர்

ஸ்மித்தைப் பற்றிப் படித்ததில் என்னை மிகவும் நிறுத்தி வைத்தது அவருடைய வெற்றி அல்ல. திணைக்களத்தில் சேர்ந்ததும் அவருக்குத் தரப்பட்ட முதல் பெரிய வேலை பீச் மரங்களை அழித்துவந்த மஞ்சள் நோய். அதில் அவர் பல வருடம் செலவிட்டார். நோயுள்ள மரத்தின் மொட்டை நல்ல மரத்தில் ஒட்டினால் நோய் தொற்றுகிறது என்பதை நிறுவினார். ஆனால் எவ்வளவு தேடியும் காரணியான அங்கியைக் காணவில்லை. அவருக்குத் தெரிந்த பற்றீரியா ஒன்றின் பெயரை அதன்மேல் போட்டிருக்கலாம். போடவில்லை. தொற்றும், ஆனால் காரணி தெரியாது என்ற இடத்தில் நிறுத்திக்கொண்டார்.

1967 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் இதுபோன்ற மஞ்சள் நோய்த் தாவரங்களின் உரியக் கலங்களைப் பார்த்தபோது, கலச்சுவரே இல்லாத மிகச் சிறிய பற்றீரியாவைக் கண்டார்கள். இன்று அவற்றை பைட்டோபிளாஸ்மா என்கிறோம். பீச் மஞ்சள் நோயும் அவற்றால் வருவதே. ஸ்மித்தின் நுணுக்குக்காட்டியால் அதைக் காணவே முடியாது. அவர் ஊகித்து ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் அது பிழையாகத்தான் இருந்திருக்கும்.

அந்த ஆய்வுகூடத்துப் பெண்கள்

பெண்கள் கல்லூரிச் சஞ்சிகையில் இதைச் சொல்லாமல் விட முடியாது. வொஷிங்டனில் இருந்த ஸ்மித்தின் ஆய்வுகூடத்தில் அவர் காலத்தில் 20க்கும் மேற்பட்ட பெண்கள் வேலை செய்தார்கள். அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை கிடைத்ததே 1920 இல்தான். அதற்கு முன்பே இவர்கள் வளர்ப்பூடகம் காய்ச்சி, ஊசி ஏற்றி, நுணுக்குக்காட்டியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பலர் உதவியாளர் என்ற பதவிப் பெயரோடு சேர்ந்தவர்கள். ஆனால் பலர் தங்கள் பெயரிலேயே ஆய்வுகளை வெளியிட்டார்கள்.

புளோரன்ஸ் ஹெட்ஜஸ் அவரைக்காய் வகைகளில் வரும் ஒரு பற்றீரியா வாடல் நோயை ஆராய்ந்தார். பாஸ்டரைப் பற்றிய பிரெஞ்சு நூல் ஒன்றை ஸ்மித்தோடு சேர்ந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் இவரே. சார்லட் எலியட் 1930 இல் அதுவரை அறியப்பட்ட தாவர நோய்ப் பற்றீரியாக்களை எல்லாம் தொகுத்து ஒரு கைந்நூல் எழுதினார். நெல்லி பிரவுன், ஸ்மித்தோடும் டவுன்செண்ட் என்பவரோடும் சேர்ந்து தாவரங்களில் கழலை உண்டாக்கும் முடிக்கழலை நோயை ஆராய்ந்தார். அதன் காரணியைத்தான் இன்று நாங்கள் அக்ரோபற்றீரியம் என்று படிக்கிறோம். தன் டீ.என்.ஏயின் ஒரு துண்டைத் தாவரக் கலத்துக்குள் அது செலுத்துகிறது என்பது 1977 இல் தெரியவந்தது. மேரி-டெல் சில்டன் என்ற பெண்ணின் குழு அதில் முன்னின்றது. தாவரங்களுக்குப் புதிய பரம்பரையலகைப் புகுத்த இன்று அதே பற்றீரியாவையே பயன்படுத்துகிறார்கள். ரல்ஸ்டோனியா என்ற பெயரும் எரிக்கா ரல்ஸ்டன் என்ற பெண் பற்றீரியவியலாளரை நினைவுகூர வைத்ததுதான்.

ஸ்மித்துக்கு இலக்கியமும் பிடிக்கும். 1906 இல் மனைவி இறந்த பின்னர், அவர் நினைவாகக் கவிதைகள் எழுதி 1915 இல் ஒரு நூலாக வெளியிட்டார். விஞ்ஞானப் பிரிவு மாணவிக்கு இலக்கியச் சஞ்சிகையில் என்ன வேலை என்று கேட்கும் தோழிகளுக்காக இந்த வரி.

தண்ணீர் போகும் திசை

ஆசிரியையின் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. போதனாசிரியரின் கிளாஸ் ஐந்து நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னது. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தை நம்பலாம் என்பதை, எங்கோ ஒரு கண்ணாடி வீட்டில் பல வருடம் ஊசியோடு நின்றவர்கள் முன்பே நிறுவிவிட்டார்கள். அவர்களின் வேலை இல்லாவிட்டால் அந்த வெள்ளை நூல் வெறும் வெள்ளை நூல்தான்.

மாமாவின் தோட்டத்தில் நடந்ததில் ஒன்றை நான் இன்னும் சொல்லவில்லை. போதனாசிரியர் போவதற்கு முன் செய்ய வேண்டியவற்றைச் சொன்னார். இந்த நோய் வந்த செடியைக் குணப்படுத்த மருந்து இல்லை. வாடியவற்றை வேரோடும் சுற்று மண்ணோடும் எடுத்து அழிக்க வேண்டும். மண்வெட்டியையும் செருப்பையும் கழுவ வேண்டும். அந்த நிலத்தில் சில போகங்களுக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு எதுவும் போடாமல் நெல்லோ சோளமோ போட வேண்டும். பிறகு தக்காளி போடுவதென்றால், இந்த நோயைத் தாங்கும் கத்தரிக் கட்டையில் ஒட்டிய நாற்றை நடலாம். கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். "உங்கட தண்ணி எந்தப் பக்கம் வடியுது?"

மாமா கையால் காட்டினார். கீழ்த் தோட்டத்துக்கு.

பற்றீரியா தண்ணீரோடு போகும். தக்காளி நிமிரட்டும் என்று மாமா ஒரு கிழமையாகப் பாய்ச்சிய தண்ணீரெல்லாம் வரம்பைத் தாண்டி அந்த மனிதரின் கத்தரிச் செடிகளுக்குத்தான் போயிருந்தது. அவரிடமிருந்து எங்களுக்கு எதுவும் வரவில்லை. எங்களிடமிருந்துதான் அவருக்குப் போயிருக்கிறது.

அன்று மஃரிப் தொழுதுவிட்டு மாமா நேரே அவர் வீட்டுக்குப் போனார். நானும் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு கூடப் போனேன். மாமாவே முதலில் சலாம் சொன்னார். களைநாசினிக் கதையையும் மறைக்காமல் சொன்னார். "பிழையா நினைச்சிட்டேன் நானா. இப்ப என்ட தண்ணியால உங்களுக்குத்தான் நட்டம் வரப்போகுது" என்றார். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, காலையில் தன்னுடைய கத்தரியிலும் இரண்டு தொங்கியதைச் சொன்னார். உள்ளே திரும்பி, "ஒரு கிளாஸில தண்ணி கொண்டு வாங்க" என்று கூப்பிட்டார்.

டோர்ச் வெளிச்சத்தில் மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளை நூல் இறங்கியது. மறுநாள் காலையில் இருவரும் சேர்ந்து வடிகாலை வேறு பக்கம் திருப்பி வெட்டினார்கள். அவருடைய கத்தரியில் பாதிக்கு மேல் தப்பியது என்று மாமா பிறகு தொலைபேசியில் சொன்னார். மாமாவின் தக்காளி தப்பவில்லை. அந்த அரை ஏக்கரில் இப்போது சோளம் நிற்கிறது.